நான் படாத பாடா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்து தெரிந்துகொண்ட பிறகு அது எத்தனை நாள் ஞாபகத்தில் நிற்கும் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு எட்டு மாதம் நின்றது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருடமாக ஆபீஸ் வேலை. சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, லீவுக் கணக்கு எல்லாம் என் மேசையில்தான். 2021 அக்டோபரில் அப்பாவுக்குக் கால் வீங்கியது. நடந்தால் மூச்சு வாங்கியது. சர்க்கரை 20 வருடமாக இருந்தது, அதனால் கால் வீக்கத்தை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ராத்திரி படுக்கவே முடியாமல் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தார். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, உடனே டயாலிசிஸ் என்றார்கள். கழுத்தில் குழாய் போட்டு, பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பில் 92,000 ரூபாய். அண்ணன் ஓசூரில் இருக்கிறான். 20,000 அனுப்பிவிட்டு, "என்ன பண்றதுன்னு நீயே பாத்துக்க" என்றான். அன்றிலிருந்து அப்பா போகும் வரை, 2023 டிசம்பர் வரை, நானேதான் பார்த்துக்கொண்டேன்.

முதலில் பண விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். ஒரு தடவைக்கு 1,700 ரூபாய். ரத்தம் ஊற ஊசி, மாத்திரை, ஆட்டோ எல்லாம் சேர்த்தால் மாதம் 22,000. என் சம்பளமே அப்போது 24,000. பதினோரு மாதம் இப்படிக் கட்டினேன். ஆஸ்பத்திரி பில்லையும் சேர்த்தால் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். அம்மாவின் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்து, வட்டி கட்ட முடியாமல் அது மூழ்கியும் போனது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசம் என்று எனக்குத் தெரியும். ஆனால் முதல் வாரமே ஒருவர், "உங்களுக்குச் சம்பளம் வருதே, கிடைக்காது" என்று சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். அப்பாவுடைய ரேஷன் கார்டு தனி, நான் அதில் இல்லை என்பது எனக்கே உறைக்க பதினோரு மாதம் ஆனது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் போட்டோ எடுத்துப் பதிவு செய்வார்கள். எனவே யாராவது கிடைக்காது என்று சொன்னால் அங்கேயே போய்க் கேளுங்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டதோடு நிறுத்தாதீர்கள். வருமான வரி கட்டுகிறவர்கள் வைத்தியச் செலவுக் கழிவையும் பாருங்கள், 1961 சட்டத்தில் அது 80டிடிபி பிரிவு. பழைய வரி முறையில் கணக்குக் காட்டினால் சிறுநீரகச் செயலிழப்பு வைத்தியச் செலவுக்குக் கழிவு உண்டு, பெற்றோர் மூத்த குடிமக்களாக இருந்தால் ஒரு லட்சம் வரை. இதெல்லாம் கணக்கு வேலை பார்க்கிற எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. நம் வீட்டுக்கு வந்தால் மூளை வேலை செய்யாது போலிருக்கிறது.

இன்னொன்று, கை. கழுத்துக் குழாயை ரொம்ப நாள் வைத்திருந்தால் கிருமி தொற்றும். அதனால் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா என்று ஒன்று செய்வார்கள். அது தடித்து ஊசி குத்தும் பதத்துக்கு வர ஆறு எட்டு வாரமாவது ஆகும். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, அதை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. தொட்டால் உள்ளே அதிர்வு இருக்க வேண்டும். ராத்திரி எழுந்து அப்பாவின் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துப் பார்ப்பேன். ஓடுகிற பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மெஷினில், கை வைத்தால் மோட்டார் அதிர்வு தெரியுமே, அதே மாதிரி 'புர்'ரென்று இருக்கும். அது இருந்தால் போய்ப் படுப்பேன். தூக்கத்திலேயே அப்பா, "ஓடுதா கண்ணு?" என்பார்.

அப்பா தவறின பிறகு எல்லோரும், "நீ பட்ட பாடு யாரும் பட்டிருக்க முடியாது" என்றார்கள். கேட்கக் கேட்க எனக்குள் அது ஒரு மெடல் மாதிரி தொங்க ஆரம்பித்தது. நான்கூட எல்லோரிடமும் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: "ரெண்டு வருஷம் டயாலிசிஸ் பாத்தேன், ஒரு நாள் லீவு போடல." சொல்லிச் சொல்லி அதை நானே நம்பியும் விட்டேன்.

2024 ஆகஸ்டில் செக்கிங் பிரிவில் வேலை செய்த ஒரு பிள்ளை என் மேசைக்கு வந்து நின்றது. இருபத்தாறு வயதிருக்கும். அப்பா கிடையாது, அம்மாவும் அவளும்தான். அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். கோயம்புத்தூரில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம், மொத்தம் 25 தடவை. "அம்மாவால தனியா பஸ்ஸேற முடியலீங்க்கா. மத்தியானத்துக்கு மேல வந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும்கூடச் செக்கிங் பாக்கறேன். ஒரு மாசம் மட்டும் பர்மிஷன் குடுங்க்கா" என்றாள்.

அந்த வாரம் ஷிப்மெண்ட். இரண்டாயிரம் பீஸ் ஆல்டருக்கு, அதாவது தப்பைச் சரிசெய்ய, திரும்பி வந்து கிடந்தது. நான் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. "எங்கப்பாவுக்கு ரெண்டு வருஷம் டயாலிசிஸ் பாத்தேன். ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா, கேட்டுப் பாரு. நான் படாத பாடா? மனசிருந்தா எல்லாம் முடியும்" என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்று எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை, ஏதோ நல்ல புத்தி சொன்ன திருப்திதான் இருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. "சரிங்க்கா" என்று போனாள். ஒன்றரை வாரம் எப்படியோ வந்தாள், தினமும் தாமதம். இரண்டு நாள் அரை நாள் சம்பளம் பிடித்தேன். அப்புறம் வரவில்லை. வேறு ஆளைப் போட்டோம்.

அவள் நின்றுபோன அன்று கம்பெனியில் அவளுக்காக வருத்தப்பட்டவன் ஒரே ஆள், ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் பையன். இருபத்து நாலு வயது. ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதித்தவனில்லை, வீட்டில் எல்லோரும் நலம். அவன்தான் ஒரு நாள் அம்மாவையும் மகளையும் காலையில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறான், செலவுக்கு இரண்டாயிரமும் கொடுத்திருக்கிறான். எனக்கு அவன் மேல் எரிச்சல்தான் வந்தது. கஷ்டம் தெரியாத பையன், ஏமாறுகிறான் என்று நினைத்தேன்.

எனக்குக் கண் திறந்தது சரஸ்வதி பூஜை அன்று. பூஜைக்குப் புத்தகம் வைக்க பீரோவைக் குடைந்தபோது அப்பாவின் டயாலிசிஸ் நோட்டு கிடைத்தது. நீல அட்டை போட்ட நீள நோட்டு. தேதி, போகும்போது எடை, வரும்போது எடை, பி.பி., ஊசி போட்டார்களா இல்லையா என்று கட்டம் போட்டு எழுதியிருப்பேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் வேறு சிலதும் எழுதியிருந்தேன். எழுதியதே மறந்துபோயிருந்தது. பூஜையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து படித்தேன்.

'முதலாளி டயாலிசிஸ் நாளில் பத்தரைக்கு வரச் சொல்லிவிட்டார்.' ஆமாம், காலை ஆறு மணி ஷிஃப்டில் அப்பாவைப் படுக்க வைத்து, பத்து மணிக்கு எழுப்பி, வீட்டில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு யாரும் சம்பளம் பிடிக்கவில்லை. 'எதிர்வீட்டு அக்கா ரசம் சாதம் கொடுத்துவிட்டார்கள்', இது ஏறக்குறைய வாரா வாரம். 'கம்பெனி டிரைவர் அண்ணன் கொண்டுவந்து விட்டார்.' 'காய்ச்சல், போகவில்லை. முதலாளியிடம் பொய் சொன்னேன்.' எண்ணிப் பார்த்தேன். நான் போடவே இல்லை என்று சொன்ன லீவு நோட்டிலேயே முப்பத்தோரு நாள் இருந்தது. ஒரு பக்கத்தில் இப்படி: 'அப்பா ராத்திரி ஃப்ரிட்ஜ் ஐஸ் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். நாலு கிலோ ஏறியிருக்கிறது. சாகணும்னா சொல்லிட்டுச் சாகுங்கன்னு சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.' சிறுநீர் வராதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கி நெஞ்சை அடைக்கும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அப்பாவுக்கு அளவு. அந்த அளவில் இருக்கச் சொல்லி, மனசிருந்தால் முடியும் என்று அவரிடமும்தான் சொல்லியிருக்கிறேன். தாகம் எப்படிப்பட்டது என்று கேட்டுக்கூட எழுதவில்லை.

அண்ணன் மகள் சைக்காலஜி படிக்கிறாள். போனில் புலம்பியபோது, "அத்தை, இதப் பத்தி ஆராய்ச்சியே இருக்கு" என்றாள். அமெரிக்காவில் ரேச்சல் ரட்டன், மேரி-ஹன்டர் மெக்டானல், லோரன் நார்ட்கிரென் என்று மூன்று பேர் 2015-இல் வெளியிட்டது. மிச்சிகன் ஏரியில் குளிர்காலத்தில் உறைகிற தண்ணீரில் குதிக்கிற ஒரு பழக்கம் இருக்கிறதாம். குதிப்பதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கிய ஒருவனைப் பற்றிய கதையை, இன்னும் குதிக்காதவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். குதித்து ஒரு வாரம் ஆனவர்களிடமும் கொடுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே குதித்தவர்களுக்குத்தான் அவன் மேல் இரக்கம் குறைவு, இளக்காரம் அதிகம். வேலையில்லாமல் தவித்து மீண்டவர்களும் அப்படித்தான். வேலை கிடைக்காமல் போதை மருந்து விற்கப் போனவனைப் பார்த்து அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இரக்கம் வந்திருக்கிறது. வலி எவ்வளவு வலித்தது என்பது மறந்துபோகிறது, தாண்டிவிட்டோம் என்பது மட்டும் தங்குகிறது. அதனால் தாண்ட முடியாதவர்களைப் பார்த்தால் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. பிரசவ வைராக்கியம் என்று நம் ஊரில் சொல்வதும் இந்த மறதியைத்தானே. மாமியாரிடம் பட்டவள் மருமகளிடம் "நாங்கெல்லாம் படாததா" என்று ஆரம்பிப்பதை நான் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கஷ்டத்திலும் தாக்குப்பிடிக்கிறவர்கள் மேல் நமக்கு இரக்கம் வரத்தான் செய்கிறது. எங்கள் வாட்ச்மேன் மனைவிக்கு டயாலிசிஸ். அவர் ஒரு நாளும் தவறாமல் வருகிறார். அவருக்கு நான்தான் ஓடி ஓடிக் காப்பீட்டு அட்டை வாங்கிக் கொடுத்தேன். அதனால்தான் நான் கல்நெஞ்சக்காரி என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. தடுமாறி நிற்கிறவர்கள் மேல்தான் வரவில்லை.

இப்போது கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஒரு நோட்டுப் போடுங்கள். எடை, மருந்து மட்டுமல்ல, யார் சோறு கொடுத்தார்கள், யார் லிஃப்ட் கொடுத்தார்கள், எந்த நாள் நீங்கள் உடைந்து உட்கார்ந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு வரி போதும். பிற்பாடு உங்கள் ஞாபகம் பொய் சொல்லும்போது அதை மறுக்க வேறு சாட்சி கிடையாது. என்னிடம் அந்த ஓரக் குறிப்பு இல்லாவிட்டால் இன்றும் ஒரு நாள் லீவு போடாத கதையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கஷ்டத்தைத் தாண்டி, அடுத்தவருக்கு லீவோ கடனோ கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு: 'நான் படாததா' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தால் அன்றைக்கு முடிவு சொல்லாதீர்கள், நாளைக்கு வா என்று மட்டும் சொல்லுங்கள். ஷிப்மெண்ட் நாளில் சொல்லவே சொல்லாதீர்கள். நான் இப்போது என் கதையை எடுப்பதே இல்லை. அதற்குப் பதில் கேள்விதான் கேட்கிறேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், எத்தனை மணி பஸ், ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், ராத்திரி யார் விழித்திருப்பது. நாலு கேள்விக்குள் என்னுடையதும் அவர்களுடையதும் ஒன்றல்ல என்று தெரிந்துவிடுகிறது. எனக்கு வாரம் இரண்டு நாள், உள்ளூர், காலை ஆறு மணிக்கு இடம். அவளுக்கு வாரம் ஐந்து நாள், ஐம்பது கிலோமீட்டர், அவர்கள் கூப்பிடும்போதுதான் முறை. எனக்கு மாதச் சம்பளம், அவளுக்கு வந்தால்தான் கூலி. இதைக் கேட்க எனக்கு இரண்டு நிமிஷம் பிடித்திருக்காது.

ஆறுதல் சொல்ல வராவிட்டால் பரவாயில்லை, தகவலைச் சொல்லுங்கள். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவளுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறோம். மாதா மாதம் அவள் பெயரில் பணம் கட்டுவது நான்தான். பிள்ளைகளை நம்பியிருக்கும் வருமானமில்லாத பெற்றோருக்கும் இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் உண்டு, அம்மா பெயரைக் குடும்பப் பட்டியலில் சேர்க்க வேண்டும். என் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் எனக்கு அது கிடைக்காமல் போனது, அதற்காக ஒரு காலத்தில் அழுதிருக்கிறேன். எனக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைக்கும் என்பதைச் சொல்லாமல் அவளுக்கு மனவலிமை பற்றி வகுப்பெடுத்தேன்.

ஒரு அசட்டுத்தனமும் செய்யாதீர்கள். இதெல்லாம் புரிந்துவிட்டது என்பதற்காகக் கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை. நவம்பரில் ஒருவர் மாமனார் ஆபரேஷன் என்று மூன்று வாரம் கேட்டார். கேள்வி கேட்டதில் வீட்டில் பார்த்துக்கொள்ள நாலு பேர் இருப்பது தெரிந்தது. மூன்று நாள் கொடுத்தேன். அண்ணன் விஷயத்திலும் எனக்கு இன்னும் மனம் இறங்கவில்லை. அவனுக்கும் ஏதோ கஷ்டம் இருந்திருக்கும் என்று அறிவுக்குத் தெரிகிறது, அதற்கு மேல் போகவில்லை.

பூஜை முடிந்து கம்பெனி திறந்ததும் தீபாவளி போனஸ் பட்டியல் வந்தது. இடையில் நின்றுபோனவர்கள் பெயரைச் சிவப்புப் பேனாவால் அடிப்பது எங்கள் வழக்கம். போனஸ் போன நிதியாண்டுக்கு. அந்த ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே சட்டப்படி உண்டு, இப்போது வேலையில் இல்லை என்பது காரணமே ஆகாது. அவள் வருடம் முழுக்க வேலை செய்திருந்தாள். பட்டியலில் அவள் பெயர் மேல் கோடு இருந்தது, என் கோடுதான். முதலாளியிடம் போய்ச் சட்டத்தைச் சொன்னேன், நோட்டையும் காட்டினேன். அவர் 'பத்தரைக்கு வரச் சொல்லிவிட்டார்' என்ற வரியைப் படித்துவிட்டு, "நானா சொன்னேன்?" என்றார். அவருக்கும் ஞாபகம் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

அவள் போன் எடுக்கவில்லை. மெர்ச்சண்டைசர் பையனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். 15 வேலம்பாளையம் என்கிற ஊர்ப் பக்கம் லைன் வீடு. அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பாவாடையில் துடைத்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வேறு கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குப் போகிறாளாம். கரண்ட் வைத்து முடித்தார்களா என்று கேட்டேன். நடுவில் எட்டு நாள் விட்டுப்போச்சு, டாக்டர் திட்டினார், அப்புறம் முடித்தோம் என்றாள். எந்த எட்டு நாள் என்று நான் கேட்கவில்லை. தொடர்ந்து வைக்க வேண்டிய வைத்தியம் அது, இடையில் விட்டால் பலன் குறையும் என்று எனக்குத் தெரியும்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன மன்னிப்பு, நேரில் பாதியோடு நின்றுவிட்டது. "அன்னிக்கு நான் பேசுனது தப்பு சாமி. நானும் லீவு போட்டிருக்கேன், முப்பத்தோரு நாள்" என்றேன். அவளுக்கு அது என்னவென்றே புரிந்திருக்காது. "பரவாயில்லீங்க" என்றாள். பழைய அக்கா இல்லை, வெறும் 'ங்க'. உள்ளேயிருந்து அவள் அம்மா மெல்ல நடந்து வந்து, யார் என்றுகூடக் கேட்காமல், ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். போனஸ் விஷயத்தைச் சொன்னேன், இ.எஸ்.ஐ. குடும்பப் பட்டியலில் அம்மா பெயரைச் சேர்க்கச் சொல்லி புதுக் கம்பெனியில் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

"போனஸ் என்னைக்குங்க தருவீங்க?" என்று கேட்டாள். 

புதன்கிழமை என்றேன். அவள் திரும்பிப் போய்த் துணி அலச உட்கார்ந்தாள்.